பொருள்: பேஸ்பால் ‘ஃபர்ஸ்ட் பேஸ்மேன்’: ‘முதல்முனையர்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக் பற்றிய கட்டுரைக்காக, ‘ஃபர்ஸ்ட் பேஸ்மேன்’ என்பதற்கு ஈடாக இங்கு முன்வைக்கப்பட்ட ‘முதல் தளக் காவலர்’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ‘முதல் தளம்’ என்றதும் மாடிக் கட்டடம் நினைவுக்கு வருவது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை ‘காவலர்’ என்பதில் இருக்கிறது. அந்த இடத்தில் ஆடுபவரின் தலையாய வேலை காப்பதன்று, வாங்குவது. தரையில் உருண்டுவரும் பந்தை ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் முனைகளுக்கு இடையே நிற்பவர்) எடுத்து வீச, இவர் ஒரு காலை முதல் முனையில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய ‘பேஸ்’களில் முதலாவது) ஊன்றியபடியே மறுகாலை எட்டிவைத்து, தமக்கென்றே நீளமாகத் தைக்கப்பட்ட கையுறையில் அதை வாங்க வேண்டும்; 90 அடி ஓடிவரும் மட்டையாளரின் கால் அந்த முனையில் படுமுன் பந்து சேர்ந்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார்.

ஆகவே செயலைச் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்லும் ‘முதல்முனையர்’ என்பதை முன்மொழிகிறேன். ‘இரண்டாம்முனையர்’, ‘மூன்றாம்முனையர்’ ஆகியவையும் இதே வழியில் அமையும்.

கெரிக்கின் ஆட்ட வாழ்க்கையிலேயே சொல்லைச் சோதிக்கலாம். 1925 ஜூன் 1 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியில் இன்னொருவருக்கு மாற்றாக மட்டை பிடித்தவர், மறுநாள் வாலி பிப்பின் இடத்தில் முதல்முனையராக இறங்கினார். 1939 ஏப்ரல் 30 வரை ஓர் ஆட்டமும் தவறாமல் 2,130 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். இடையில் 1934 ஜூலையில், கடும் முதுகுவலி வந்த மறுநாள், தொடர் அறுந்துவிடக் கூடாதென்று அவர் பெயரை ஷார்ட்ஸ்டாப் இடத்தில் எழுதினார்கள். முதல் ஆளாக மட்டை பிடித்து, அடித்து முதல் முனையை அடைந்ததும் விலகிக்கொண்டார். அன்றைய ஆட்ட அட்டைப்படி அவர் முதல்முனையர் அல்லர். ஆயினும் வரலாறு அவரை அப்படித்தான் அறிகிறது. ஒரு நாளைய இடத்துக்கும் வாழ்நாள் அடையாளத்துக்கும் ஒரே சொல் பொருந்தியாக வேண்டும்.

மேலும், அவர் அடித்த ஹோம் ரன்கள் (மட்டையாளர் எல்லா முனைகளையும் சுற்றிவர உதவும் அடிகள்) 493. 1934இல் அடி விகிதம், ஹோம் ரன், தம் அடியால் அணிக்கு ஓட்டம் சேர்த்தல் ஆகிய மூன்றிலும், யாங்கீஸ் ஆடிய அமெரிக்கன் லீக்கில் முதலிடம். இந்த இடத்து ஆட்டக்காரரிடம் அணிகள் பெரிதும் எதிர்பார்ப்பது மட்டைவலிமையைத்தான். அவரைக் ‘காவலர்’ என்று எழுதினால், பேஸ்பால் அறியாத வாசகர் அவரைத் தற்காப்பு வீரராகவே எண்ணிக்கொள்வார்.

முடிவு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. தரையில் பொருத்தியிருக்கும் சதுரப் பொருளையும் ‘முனை’ என்றே சொல்லலாமா, ‘முனைத்திண்டு’ எனப் பிரிக்கலாமா? ஓடுபவர் மிதித்தாரா இல்லையா என்று விளக்கும் விதிகளில் இரண்டாவதே தெளிவு தரும் என்று கருதுகிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் எழுத வேண்டுகிறேன்.