பேலஸ்ட் என்பதற்கு ‘ஓட்டவரம்பி’: ஒரு முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குழல்விளக்கின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயரிடும் இந்த மடல் இழையில், விளக்கில் பாயும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் உறுப்பான பேலஸ்ட் என்பதற்கு ‘அடைச்சுருள்’, ‘நிலைப்படுத்தி’, ‘சமச்சுமை’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அருகே சரிவில் கட்டிய வீட்டின் நிலவறையில், பெரும்பாலும் பாறசாலைப் பக்கத்து ஆக்ரிக் கடைகளில் (பழைய பொருள் கடைகளில்) கிடைத்த பழைய குழல்விளக்குகளைப் பழுது நீக்கிச் சேர்த்து வருபவன் நான். ஒரு கருவியுறுப்பின் பெயர் சரியா என்பதைப் பழுது பார்ப்பவர் பேசும் வாக்கியத்தில் அதை வைத்தே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அதன் வேலையைப் பார்ப்போம். குழலுக்குள் மின்னிறக்கம் (வளிமத்தின் வழியே மின்சாரம் பாய்தல்) தொடங்கிவிட்டால், ஓட்டம் கூடக் கூட அதன் தடை குறைந்துகொண்டே போகும். எதிரே நின்று மறிக்க ஒன்று இல்லையென்றால் ஓட்டம் கட்டுக்கடங்காமல் பெருகிக் குழலையே அழித்துவிடும். 230 வோல்ட் வழங்கலில் எரியும் 40 வாட் நான்கடிக் குழலின் குறுக்கே ஏறத்தாழ 100 வோல்ட்தான் நிற்கிறது. எஞ்சிய அழுத்தத்தைத் தான் தாங்கிக்கொண்டு, ஓட்டத்தை அரை ஆம்பியருக்குக் கீழே நிறுத்தி வைப்பது பேலஸ்ட். விளக்கை ஏற்றும் கணத்தில், கம்பிச்சுருள் வகைப் பேலஸ்டான சோக்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்டார்ட்டருக்குள் உள்ள ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து தொடுகிறது, அவ்வழியே ஓடும் மின்னோட்டம் குழலின் இரு முனை இழைகளையும் சூடாக்குகிறது, பட்டை குளிர்ந்து விலகும்போது சோக்கின் சுருளில் ஓட்டம் சட்டென அறுபட, அதனால் எழும் பல நூறு வோல்ட் உதைப்பே குழலைப் பற்றவைக்கிறது. ஆனால் இவ்வேலை சில நொடிகளில் முடிந்துவிடும்; மறிக்கும் வேலையோ விளக்கு எரியும் நேரமெல்லாம் நடப்பது.

‘அடைச்சுருள்’ சோக்குக்குப் பொருந்தும். பேலஸ்டுகள் அனைத்தும் சோக்குகள் அல்ல என்பதே சிக்கல். மின்னணு வகையில் சுருள் ஒரு சிறு பகுதி மட்டுமே. அது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவெண்ணில் இயங்கும், ஸ்டார்ட்டரும் அதற்குத் தேவையில்லை. இதைப் புதுமை என்று ஒதுக்கினாலும் பழைய விளக்குகளே எதிர்ச்சான்று தருகின்றன. பட்டறைகளில் தொங்கிய இரட்டைக் குழல் அமைப்புகள் பலவற்றில் ஒரு குழலுக்குச் சோக் மட்டும் இருக்கும், மற்றதற்குச் சோக்குடன் ஒரு மின்தேக்கியும் தொடராக இருக்கும். இரு குழல்களும் ஒரே கணத்தில் மங்காதபடி செய்து, சுழலும் எந்திரம் நிற்பதுபோல் தோன்றும் ஆபத்தைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. அங்கே பேலஸ்ட் என்பது சுருளும் தேக்கியும் சேர்ந்தது. 160 வாட் கலப்பொளிப் பாதரச விளக்கிலோ குமிழுக்குள்ளேயே இருக்கும் டங்ஸ்டன் இழை பேலஸ்டாக நிற்கிறது. மின்விளக்கு இழையை அடைச்சுருள் என்று எந்த மின்பணியாளரிடம் சொல்வது?

‘நிலைப்படுத்தி’ நம் வீடுகளில் குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டெபிலைசரின் பெயராக ஏற்கனவே நிலைத்துவிட்டது. மாலையில் மின்னழுத்தம் தாழ்ந்து குழல்கள் சிமிட்டும் ஊரில், “நிலைப்படுத்தியை மாற்றுங்கள்” என்றால் கேட்பவர் வேறொரு பெட்டியை வாங்கி வருவார். ‘சமச்சுமை’ கப்பலின் அடிப்பாரத்திலிருந்து வந்த சொல். மின்னியலில் அதன் பொருள் ஒட்டவில்லை, இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

என் முன்மொழிவு ‘ஓட்டவரம்பி’. மின்னோட்டத்துக்கு வரம்பிடுவது எது என்று கேட்டால் வரும் விடை அது. எல்லைக்கு அப்புறம் மலையாளத்தில் வயல்வரப்பின் பெயரே வரம்பு, பழந்தமிழிலும் அதுவே. நீரை அடியோடு அடைக்காமல் அளவோடு நிறுத்தும் வரப்பைப் போன்றதுதான் இவ்வுறுப்பும்.

இனிச் சோதனை. புதுக்குழல் மாட்டிய சில நாள்களிலேயே முனைகள் கருத்துப் பட்டுப்போனால், சோக்கின் சுற்றுகள் தமக்குள் குறுகி (ஷார்ட் ஆகி) மிகை ஓட்டம் பாய்கிறதா என்று முதலில் ஐயுற வேண்டும். இதை “ஓட்டவரம்பி வரம்பு மீறவிடுகிறது” என்று எழுதினால் பழுதின் காரணமும் அந்த வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. அடைச்சுருள் என்று எழுதினால் சுருள் அறுந்ததா, குறுகியதா என்று மீண்டும் விளக்க வேண்டியிருக்கும். வகைப் பெயர்களும் எளிதில் கிளைக்கின்றன: சுருள் ஓட்டவரம்பி, மின்னணு ஓட்டவரம்பி, இழை ஓட்டவரம்பி. சோக் என்ற சொல் கடைப்பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். அதை விரட்டும் வேலை நமக்கில்லை.

ஒளிரும் குழல்களே மறையவிருக்கையில் இது எதற்கு என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் பொதுப் பயன்பாட்டுக் குழல்விளக்குகளின் உற்பத்தியை 2027க்குள் நிறுத்த 2023இல் முடிவெடுத்தது உண்மையே. ஆயினும் சோடியம் ஆவித் தெருவிளக்கும், குடிநீரைத் தூய்மையாக்கும் பாதரசப் புறஊதாக் குழலும் ஓட்டவரம்பி இல்லாமல் எரியமாட்டா.

இவ்விழையில் ஸ்டார்ட்டருக்கு முன்மொழிந்த ‘தொடக்கி’ பற்றியும் ஒரு சொல். முனைகள் இரண்டும் சிவந்து ஒளிர்ந்து நடு இருண்டிருக்கும் குழலில், ஸ்டார்ட்டரைக் கழற்றியதும் விளக்கு எரிந்துவிடுவது உண்டு. ஒட்டிக்கொண்ட தொடுமுனை விலகாததே அங்கே பழுது. தொடக்கி என்ற பெயரை நம்பியவர் அதைக் கழற்றிப் பார்க்கவே துணியமாட்டார். அதோடு மோட்டார் தொடக்கி வேறு இருக்கிறது. ‘விடுசாவி’ என்று ஒன்றை யோசித்தேன். ஓசை எனக்கே நிறைவளிக்கவில்லை. தொட்டு விலகும் செயலைச் சுட்டும் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருந்தால் இவ்விழையிலேயே எழுதக் கோருகிறேன்.