[கலைச்சொல்] முதுகுப்பையின் ‘பேஸ் வெயிட்’டுக்குத் தமிழ்

நண்பர்களே,
அமெரிக்காவின் நெடுந்தூர நடைவழியான பசிபிக் முகட்டுப் பாதையின் (பசிபிக் கிரெஸ்ட் டிரெயில்) தென்கலிபோர்னியப் பாலைப் பகுதிக்கு ஒரு நடைக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘பேஸ் வெயிட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பை, கூடாரம், உறக்கப்பை, அடுப்பு எல்லாம் சேர்ந்த எடை அது. செலவாகிக் குறையும் உணவு, தண்ணீர், எரிபொருள் அதில் சேரா. சுமார் 4.5 கிலோவுக்குள் அடங்கினால்தான் மீயிலகு நடையர் (மிகக் குறைந்த சுமையோடு நடப்பவர்) என்று ஒப்புக்கொள்கிறார்கள். ‘அடிப்படை எடை’ என்று போட்டேன். எதற்கு அடிப்படை என்று கேட்கிறார் பிழைதிருத்துபவர்.
— ந.

‘அடியெடை’ என்று சுருக்கிவிடலாமே.
— செ.

அடியெடை என்றால் பாதத்தின் எடை என்று படிப்பார்கள். ‘தீராச்சுமை’ என்பேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒற்றும் முறையாக மிகுகிறது. தீரும் பகுதிக்குப் புதுச்சொல்லே வேண்டாம். நாலடியாரில் தோட்கோப்பு இருக்கிறது, பழமொழி நானூற்றில் ஆற்றுணா இருக்கிறது. இரண்டும் வழியுணவுதான். தோட்கோப்பில் தோளே இருக்கிறது, கவனித்தீர்களா?
— இரா.

ஐயா, தீராச்சுமை என்றதும் எனக்கு வீட்டுக்கடன்தான் நினைவுக்கு வருகிறது. ஆற்றுணா என்று எழுதினால் ஆற்றுமீன் என்று எடுத்துக்கொள்வார்கள். அதுவும் பாலையில்!
— செ.

அந்தப் பாதையில் நடந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எந்தச் சொல்லானாலும் தண்ணீர் அதில் சேராது என்பது விளங்க வேண்டும். ஊற்றில்லாத நீண்ட துண்டுகளில் ஐந்தாறு லிட்டர் சுமப்போம். அதுவே ஐந்தாறு கிலோ. கூடாரத்தில் 200 கிராம் குறைக்கக் காசைக் கொட்டியவர், பயத்தில் ஒரு லிட்டர் கூடுதலாக நிரப்பிக்கொண்டால் கணக்கு எங்கே போயிற்று? பயிற்சியின்போது பாட்டில்களை நிரப்பிக்கொண்டு மலையேறுவோம். உச்சியில் கொட்டிவிட்டு இறங்குவோம், முழங்காலுக்காக. கொட்டிய பிறகு முதுகில் மிஞ்சுவதை எங்கள் குழுவில் ‘வெறும்பை’ என்போம்.
— வ.

வெறும்பை என்றால் காலிப்பை. அதற்குள் அடுப்பு எப்படி வந்தது? கலைச்சொல்லுக்குத் துல்லியம் வேண்டாமா?
— இரா.

சாப்பாட்டுக் கடையில் வெறும்சோறு கேட்டால் காலித்தட்டையா வைக்கிறார்கள், ஐயா?
— வ.

வ. அம்மா, கையில் பிடிக்கும் வெள்ளிநிறக் குடை கணக்கில் சேருமா?
— ந.

பைக்குள் இருந்தால் சேரும். விரித்துப் பிடித்தால் உடுத்திய துணியைப்போல் கணக்குக்கு வெளியே என்பது என் கட்சி. நடையர்களுக்குள் இதில் ஒற்றுமை கிடையாது. குடையை விடுங்கள். வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்தப் பத்தியைக் கவனமாகப் பெயருங்கள், ‘வெப்பத் தகவமைவு’ என்று எழுதி ஆளைத் துரத்திவிடாதீர்கள்.
— வ.

‘வெயிற்பழக்கம்’ என்று வைத்துவிட்டேன். மற்றதற்கு ‘வெறும்பொதி எடை’. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.
— ந.

என் மறுப்பைப் பதிவுசெய்க.
— இரா.

தாமதமாக வருவதற்குப் பொறுத்தருள்க. இலங்கைப் பாடநூல்களில் கிலோகிராமில் அளப்பது திணிவு, நியூட்டனில் அளப்பது நிறை. தமிழ்நாட்டில் திணிவை நிறை என்கிறீர்கள், நிறையை எடை என்கிறீர்கள். 4.5 கிலோ என்று போட்டுவிட்டு எடை என்றால் எங்கள் மாணவர்கள் என்ன செய்வார்கள்?
— க.

ஐயா, தயவுசெய்து அதற்குத் தனி இழை.
— ந.

திணிவு, திண்மை இரண்டுக்கும் வேர் ஒன்றே. இன்றிரவு விரிவாக எழுதுகிறேன்.
— இரா.