புதுப்பிப்பு: பின்னங்கால் விழுந்த எங்கள் மணி, 9 வாரம் கழித்து

ஆகஸ்டில் இங்கே புலம்பியிருந்தேன்: சோபாவிலிருந்து குதித்ததில் எங்கள் டாஷ்ஹண்ட் நாய் மணிக்கு முதுகுத்தண்டில் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கி, பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன, ஆபரேஷனுக்கு வசதியில்லை, வலியில்லாமல் சாக ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் வழியா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பையன் நடக்கிறான். குடிகாரன் நடைதான், ஆனாலும் நடை.

அப்போது டாக்டர் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியபோது மணி திரும்பிப் பார்த்துக் கத்தினான். வலி தெரிகிறது, அதனால் நம்பிக்கை உண்டு என்றார். முதல் 4 வாரம் கூண்டு ஓய்வு. நரகம், அவனுக்கில்லை, எங்களுக்கு. ராத்திரியெல்லாம் ஊளை. சிறுநீர் தானாகப் போகாததால் சிறுநீர்ப்பையை நாளைக்கு 4 தடவை அமுக்கி விடணும். அம்மா என்னைவிடச் சீக்கிரம் பழகிவிட்டார்.

வலிக்கு கபாபென்டினும் வீக்கம் குறைக்கும் மாத்திரையும். பக்கத்து வீட்டு அண்ணன் கூடவே ஸ்டீராய்டும் கொடுக்கச் சொன்னார். வீக்க மாத்திரையோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும் என்று டாக்டர் தடுத்துவிட்டார். நாம் வலிக்குப் போடுகிற ஐபுப்ரோஃபென் பக்கமே போகாதீர்கள், நாய்க்கு அது விஷம்.

5-வது வாரத்திலிருந்து பயிற்சி. காலை மடக்கி நீட்டுவது, வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கி நிற்க வைப்பது. தண்ணீருக்குள் ஓடும் டிரெட்மில்லெல்லாம் எங்கள் ஊரில் இல்லை. மொசைக் தரை வழுக்கியதால் ரப்பர் பாய் விரித்தோம். செலவழித்ததிலேயே உருப்படியானது அதுதான் என்பேன்.

சோபாவை விற்றாச்சு.