சுங்கை சிப்புட் வீட்டுக் குழு: அப்பாவின் வலது கண்

மாலதி: இப்போதுதான் ஈப்போவிலிருந்து திரும்பினோம். அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) அடங்கவில்லை. வலது கண்ணில் அழுத்தம் 34. 21க்குள் இருக்க வேண்டியது. மூன்று வகைச் சொட்டு மருந்து விட்டும் இறங்கவில்லை. குழாய் வைக்கலாம் என்கிறார் டாக்டர்.

பெரிய அத்தை: மறுபடியும் கத்தியா? தம்பி கண்ணில் இரண்டு தடவை அறுத்தாயிற்றே. இருக்கிற பார்வையாவது இருக்கட்டும், விட்டுவிடச் சொல்லம்மா.

மாலதி: விட்டால் அதுவும் போய்விடும் அத்தை. முன்பு செய்தது, கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற ஒரு வழி திறந்துவிடுவது. தழும்பு கட்டி அந்த வழி மூடிக்கொண்டது. “ரப்பர் மரத்தில் பால் வெட்டிய இடத்தில் பட்டை வளர்ந்து மூடுமே, அப்படி” என்று நான் சொன்னதும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இப்போது வைப்பது மெல்லிய சிலிக்கோன் குழாய். அதன் நுனி கண்ணுக்குள் இருக்கும். மறுமுனையில் ஒரு சின்னத் தட்டு, மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளைப் பகுதி மேல் பின்னால் தள்ளித் தைப்பார்கள். நீர் அங்கே சேர்ந்து மெல்ல உறிஞ்சப்படும்.

சரவணன்: வால்வு உள்ளதா அக்கா? மதுரையில் ஆரோலேப் நிறுவனம் செய்வது வால்வு இல்லாதது, விலையும் குறைவு.

மாலதி: இதுவும் வால்வு இல்லாததுதான். நீர் ஒரேயடியாக ஓடிவிடாமல் குழாயைக் கரையும் நூலால் கட்டிவிடுவார்கள். நூல் கரைய 5, 6 வாரம் ஆகுமாம். அதுவரை அழுத்தம் இறங்காமலே இருக்கலாம், சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. இரண்டாம் வாரமே “இதுவும் பலிக்கவில்லை” என்று யாரும் அப்பா காதில் போடாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். நூல் விடும்போது அழுத்தம் சட்டென்று விழவும் கூடும். வலியோ மங்கலோ என்றால் உடனே கிளம்ப வேண்டும்.

பெரிய அத்தை: போன பார்வை திரும்புமா?

மாலதி: திரும்பாது அத்தை. நரம்பு போனது போனதுதான். ஆனால் வாசலில் பேரன் வந்து நின்றால் இன்னும் முகம் தெரிகிறது அவருக்கு.

பெரிய அத்தை: சரிம்மா. நான் வந்து கூட இருக்கிறேன். மருந்து நானே விடுகிறேன்.

மாலதி: ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 நிமிடம் விட வேண்டும். குனிந்து வாளி தூக்க விடாதீர்கள், கண்ணைக் கசக்கவும் கூடாது. அப்புறம், நீங்களும் அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் அத்தை. கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடிய நோய் இது.

பெரிய அத்தை: எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது.

மாலதி: அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரவணன்: வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வண்டி எடுக்கிறேன். அத்தை, அடையாளக் கார்டை எடுத்துக்கொண்டு தயாராக இருங்கள்.