பெட்டி வந்துவிட்டது, லிஃப்டுக்குள் போகவில்லை

கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சித் திட்டங்களை நடத்துவது என் வேலை. 14 வருஷமாகிறது. வெற்றிகரமாக முடிந்தவை பற்றி ஆண்டறிக்கையில் பளபளவென்று படம் போட்டு எழுதிவிடுவார்கள். சொதப்பியதைத்தான் யாரும் எழுதுவதில்லை. என்னுடையதில் ஆரம்பிக்கிறேன், இந்த வேலையில் இருப்பவர்கள் உங்களுடையதையும் போடுங்கள்.

திறப்பு விழாவுக்கு 9 நாள் இருந்தது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து இரவலாக வர வேண்டிய பெரிய எண்ணெய் ஓவியம், கண்காட்சியின் மையமே அதுதான், இரவு 11 மணிக்கு லாரியில் வந்து இறங்கியது. கூடவே அவர்கள் அனுப்பிய கூரியர் அம்மா. (நம் துறையில் கூரியர் என்றால் படத்தோடு பயணம் செய்து, சுவரில் ஏறும்வரை கண்ணை எடுக்காத ஆள். தபால்காரர் இல்லை.) பெட்டியைத் தள்ளிக்கொண்டு சரக்கு லிஃப்ட் வரை போனோம். கதவின் உயரம் 240 செ.மீ. பெட்டியின் உயரம் 250.

தப்பு என்னுடையதுதான். இரவல் பட்டியலில் 188 x 206 (முதலில் உயரம், பிறகு அகலம்) என்று இருந்ததைப் பார்த்து, தாராளமாகப் போகும் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அது கித்தானின் அளவு. சட்டகம் பக்கத்துக்கு 15 செ.மீ. சேர்த்தால் 218 x 236. அதற்கு மேல் உள்ளே நுரைப் பஞ்சு, வெப்பம் தாங்கும் அடுக்கு, வெளிப்பலகை, அடியில் ஃபோர்க்லிஃப்ட் நுழைய இரண்டு கட்டைகள். படத்தை அளந்தேன், பெட்டியை அளக்கவில்லை.

அங்கேயே திறந்து படத்தை மட்டும் எடுத்துப் போகலாமே என்று தோன்றும். முடியாது. வந்த பெட்டியை 24 மணி நேரம் மூடியபடியே வைத்து, உள்ளே இருப்பது நம் கட்டடத்தின் காற்றுக்குப் பழகிய பிறகுதான் திறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதுவும் காட்சிக் கூடத்திலேயே. சரக்கு இறக்கும் இடத்தில் ஈரப்பதக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கூரியர் அம்மா பெட்டி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், “திறக்க விடமாட்டேன்” என்றார். அவர் செய்தது சரி.

தரைத்தளத்தில் காகிதப் பொருள்கள் வைக்கும் சேமிப்பறை ஒன்று உண்டு. குளிர்சாதனமும் ஈரப்பதக் கருவியும் ஓடும். ராத்திரியோடு ராத்திரியாக அதில் பாதியைக் காலி செய்தோம். அந்த அறையின் கடந்த 3 மாத வெப்பநிலைப் பதிவை எடுத்து இரவல் தந்தவர்களுக்கு அனுப்பினேன். அவர்களுக்கு விடிந்து, படித்து, சம்மதம் சொல்ல 7 மணி நேரம் ஆனது. 24 மணி நேரம் காத்திருந்து அங்கேயே பெட்டியைத் திறந்தோம். அடுத்த சிக்கல், படம் ஏற்றும் எங்கள் தள்ளுவண்டியின் தட்டு 30 செ.மீ. உயரம். படத்தோடு சேர்த்தால் 248. மறுபடி இடிக்கிறது. எங்கள் தச்சர் சக்கரம் உள்பட 15 செ.மீ. உயரத்தில் ஒரு பலகையை அன்று மாலையே அடித்துக் கொடுத்தார். 233. மேலே 7 செ.மீ. இடைவெளி. ஐந்து பேர் பிடித்துக்கொண்டு உள்ளே தள்ளினோம். அந்த நேரத்தில் யாரும் மூச்சு விட்டதாக எனக்கு நினைவில்லை.

இப்போதெல்லாம் என் எக்செல் தாளில் பெட்டியின் வெளியளவுக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. அது நிரம்பாமல் எந்த ஒப்பந்தமும் என் மேசையைத் தாண்டாது. பெரிய பெட்டி என்றால் அதே அளவில் மரச்சட்டத்தால் ஒரு கூடு கட்டி, லாரி நிற்கும் இடத்திலிருந்து கூடம் வரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்து பார்ப்போம். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

*

நான் ரெஜிஸ்ட்ரார், அதாவது அருங்காட்சியகத்துக்கு வந்து போகும் பொருள்களின் பதிவுகளைப் பார்த்துக்கொள்பவர். உங்கள் கூரியர் அம்மாவைப் படித்ததும் என் கூரியர் ஐயா நினைவுக்கு வந்துவிட்டார்.

பெட்டி திறந்ததும் நாங்கள் முதலில் செய்வது நிலை அறிக்கை. புறப்படும்போது இரவல் தந்தவர்கள் படத்தின் நிலையை எழுதியதை வைத்துக்கொண்டு, படத்தை அங்குலம் அங்குலமாக ஒப்பிடுவோம். காப்பீடு ஒரு சுவரின் ஆணியிலிருந்து கழற்றிய கணத்தில் தொடங்கி, திரும்ப அதே ஆணியில் மாட்டும்வரை ஓடும். நடுவில் எங்கே அடிபட்டது என்று சொல்ல இந்த அறிக்கையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

அன்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தபோது, இடது கீழ் மூலையில் நெல்மணி அளவுக்கு வண்ணம் பெயர்ந்திருந்தது. அவர்கள் அறிக்கையில் அது இல்லை. “இது எங்களிடமிருந்து வரும்போது இல்லை” என்றார் கூரியர். “பெட்டியைத் திறந்ததே இப்போதுதான்” என்றேன் நான். இரண்டு பேரும் மரியாதையாக, ஆனால் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காமல் பேசினோம். நுரைப் பஞ்சில் துகள் விழுந்திருக்கிறதா என்று பெட்டி முழுக்கத் தேடினோம். இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவர் தன் அலுவலகத்தை எழுப்பி அசல் அறிக்கையைப் பார்க்கச் சொன்னார். தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து குறித்து வைத்திருந்தார்கள், 6 வருஷத்துக்கு முன்பே. ஸ்கேன் செய்தவர் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார்.

2020இல் பயணமெல்லாம் நின்றபோது கேமரா வழியாகவே கூரியர் வேலை பார்க்கும் முறை பரவலாகியது. செலவு குறைவு, விமானப் புகையும் குறைவு, நல்லதுதான். ஆனால் அந்த நெல்மணியைத் திரையில் பார்த்துத் தீர்த்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். ஒரு தடவை படம் வந்துவிட்டது, அதோடு வர வேண்டிய சிறு பேழை வரவில்லை. மூடியில் யானைத் தந்தம் பதித்திருந்தது. எவ்வளவு பழையதாக இருந்தாலும் எல்லை தாண்ட சைட்டிஸ் (அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு வேண்டும். பட்டியலில் “மரப்பேழை” என்று மட்டும் எழுதியிருந்ததால் யாருக்கும் தோன்றவில்லை. பொருள் என்னென்னவற்றால் ஆனது என்று முழுதாகக் கேட்டு வாங்குங்கள்.

*

நான் சுவர்ல மாட்டுற ஆள். உங்க ரெண்டு பேர் அளவுக்கு எழுத வராது.

எங்க பயம் வேற. தலைகீழா மாட்டிடுவோமோங்கறது. நடக்காத விஷயம் இல்லை. 1961ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல ஓவியர் மத்தீஸோட ‘படகு’ 47 நாள் தலைகீழாத் தொங்குச்சு. லட்சம் பேருக்கு மேல பார்த்துட்டுப் போயிருக்காங்க. கண்டுபிடிச்சுச் சொன்னது பார்வையாளரா வந்த ஒரு அம்மா, பங்குச் சந்தைத் தரகர். ஓவியர் மோந்த்ரியானோட வண்ண நாடா ஒட்டின படம் ஒண்ணு பல வருஷமாவே தலைகீழாத்தான் தொங்குதுன்னு 2022ல சொன்னாங்க. இப்பத் திருப்பினா காய்ஞ்ச நாடா உரிஞ்சு விழுந்துடும்னு அப்படியே விட்டுட்டாங்க.

எனக்கு நடந்தது இதுதான். ஒரு அருவப் படம். பின்னாடி அம்புக்குறி இல்லை. கொக்கி இருக்கற பக்கம்தானே மேல்பக்கம்னு மாட்டிட்டேன். லேபிள் ஒட்ட வந்த பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான், “அண்ணா, வழிஞ்ச பெயின்ட் மேல ஏறுதே” ன்னுச்சு. பார்த்தா சொட்டு எல்லாம் கீழிருந்து மேல நிக்குது. அதை வெச்சே கியூரேட்டரை (கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கறவங்க) கூப்பிட்டு, அவங்க ஓவியரைக் கூப்பிட்டு, திருப்பி மாட்டினோம். பழைய சட்டகத்தை யாரோ எப்பவோ மாத்தினப்ப கொக்கியை எதிர்ப்பக்கம் அடிச்சிருக்காங்க. நான் 20 வருஷமா மாட்டறேன், வழிஞ்ச பெயின்ட்டைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலை.

*

கன்சர்வேட்டர், அதாவது பொருள்கள் கெடாமல் பாதுகாப்பவர் தரப்பிலிருந்து ஒரு புலம்பல். “ஏன் இவ்வளவு இருட்டாக இருக்கிறது?” பார்வையாளர் குறிப்பேட்டில் பாதிப் பக்கம் இந்தக் கேள்விதான்.

நீர்வண்ணம், அச்சுப்படம், துணி இவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது நாங்கள் பிடிவாதமாக நிற்கும் இடம். எண்ணெய் ஓவியம் என்றால் 200 வரை போகலாம். வெளிச்சம் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. அதனால்தான் டாவின்சி காகிதத்தில் வரைந்த விட்ருவிய மனிதன் 2019இல் பாரிஸ் லூவருக்கு வந்தபோதுகூட 8 வாரம்தான் காட்டினார்கள்.

எங்கள் அச்சுப்படக் கண்காட்சிக்கு ஒரு தொலைக்காட்சிக் குழு வந்தது. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் இரண்டு பெரிய விளக்கை நிறுத்தி வைத்து நேர்காணல் ஓடுகிறது. மீட்டரை நீட்டினேன், 1,000 லக்ஸ். “ரெண்டு மணி நேரம்தானே மேடம்” என்றார் இயக்குநர். கணக்கைப் பாருங்கள்: நாளுக்கு 8 மணி நேரம், 50 லக்ஸ் என்றால் 400 லக்ஸ்-மணி. அவர்கள் ஓட்டியது 2,000. ஐந்து நாள் காட்சியை ஒரு நேர்காணலில் செலவழித்துவிட்டார்கள். அந்தப் படங்களை ஐந்து நாள் முன்னதாகவே இறக்கிவிட்டு நகல் வைத்தேன். திட்ட மேலாளருக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

பிறகு நாங்கள் சமாதானமானது வடிவமைப்பாளர் தந்த ஒரு யோசனையால். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் மூன்று கட்டமாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். கண் பழகிவிடுகிறது. அதே 50 லக்ஸ்தான், குறிப்பேட்டில் புகார் பெரும்பாலும் நின்றுவிட்டது.

*

நான் இப்போதுதான் உதவி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். இரவல் தருவதாகச் சொன்னவர்கள் கடைசியில் பின்வாங்கினால் என்ன செய்வீர்கள்? எங்களுக்கு இன்னும் 5 வாரம்தான் இருக்கிறது, ஒரு கையெழுத்து வரவேயில்லை.

*

முதலில் எழுதியவன்தான், திரும்ப வந்திருக்கிறேன்.

தம்பி / தங்கை, இன்றைக்கே போனில் கூப்பிடுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். கையெழுத்து வராததற்குப் பெரும்பாலும் காரணம் மறுப்பு அல்ல, யாரோ ஒருவர் விடுப்பில் இருப்பார். நிஜமாகவே பின்வாங்கினால் அந்த இடத்தில் புகைப்பட நகலை மாட்டிச் சமாளிக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அசல்களுக்கு நடுவில் நகல் பல் போன வாய் மாதிரி தெரியும். எனக்கு ஒரு தடவை 3 வாரம் இருக்கும்போது போனது. விளக்கநூல் அச்சாகிவிட்டது. பக்கத்துப் படங்களைத் தள்ளி மாட்டி, தற்காலிகச் சுவரை ஒன்றரை மீட்டர் உள்ளே நகர்த்தினோம். விளக்கநூலில் 62ஆம் எண் இருக்கிறது, சுவரில் இல்லை. கேட்டவர்கள் இரண்டே பேர்.

அட்டவணை போடும்போதே எந்தப் படம் எவ்வளவு நாள் இருக்கும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். 2023இல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் ஓவியர் வெர்மீர் கண்காட்சி ஜூன் வரை நடந்தது, ஆனால் அவருடைய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் நாயகி மார்ச் கடைசியிலேயே ஹேக் நகரிலுள்ள தன் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிவிட்டாள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி.

அந்தப் பெரிய பெட்டி எப்படித் திரும்பிப் போனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். வந்த வழியேதான். கண்காட்சி முடிந்த மறுநாள் காலை அதே கூரியர் அம்மா வந்தார், படத்தை இறக்கினோம், நிலை அறிக்கை சரியாக இருந்தது. லிஃப்டுக்குக் கொண்டு போக அந்த 15 செ.மீ. பலகையைத் தேடினால் காணோம். ஏதோ பழைய மரம் என்று துப்புரவுக்காரர்கள் ஒரு மாதம் முன்பே எடுத்துப் போட்டுவிட்டார்களாம். தச்சரை மறுபடி கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “அளவு எழுதி வெச்சிருக்கீங்களா சார்?”

எழுதி வைக்கவில்லை. இரண்டாவது பலகை இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. “தூக்கிப் போடாதீர்கள்” என்று அதன் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அளவையும் குறித்திருக்கிறேன்.