கிளாக்கோமா உள்ள அம்மாவுக்குத் தலைகீழ் ஆசனம் இல்லாத யோகா வரிசை தேவை

அம்மாவுக்கு 61 வயது, ஊர் திண்டுக்கல். போன ஆவணியில் இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா (பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) என்று உறுதியானது. அப்போது கண் அழுத்தம் வலதில் 26, இடதில் 24 (மி.மீ. பாதரச அளவில்). பொதுவாக 10 முதல் 21க்குள் இருக்க வேண்டும். லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து ராத்திரி தவறாமல் போடுகிறோம், இப்போது 17க்கு இறங்கியிருக்கிறது. மருந்தை நிறுத்தும் எண்ணமே இல்லை.

சிக்கல் யோகாவில்தான். பல வருடமாக விடிகாலையில் சிரசாசனமும் சர்வாங்காசனமும் செய்து பழகியவர். சிரசாசனத்தில் நிற்கும்போது கண் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும் என்று டாக்டர் அறவே விடச் சொல்லிவிட்டார். சரி, விட்டாச்சு. அப்புறம் சூரிய நமஸ்காரம் செய்தார், அதில் குனிந்து கை தரையைத் தொடும் நிலையிலும் கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்திலும் தலை கீழே போய் அழுத்தம் ஏறுகிறது என்பதால் அதுவும் போச்சு. விளக்குச் சுடரைப் பார்க்கும் திராடகம் செய்தபோது, மருந்தால் ஏற்கெனவே சிவந்திருந்த கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்மேல் பொத்தி வைப்பது இதமாக இருக்கிறதாம், அது மட்டும் தொடர்கிறது.

பக்கத்து யோகா வகுப்பில் கேட்டால் சிரசாசனம் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள், கிளாக்கோமா உள்ளவரிடம் இப்படிச் சொல்வது எவ்வளவு ஆபத்து! அம்மா பாயை விரித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கிளாக்கோமா உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள்: தலை இதயத்துக்குக் கீழே போகாமல், மூச்சை அடக்காமல், அரை மணி நேரம் செய்ய எந்தெந்த ஆசனங்களை எந்த வரிசையில் வைக்கலாம்?