லேப் முழுக்க ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட்: உபுண்டு மெஷின்களுக்கு எது சரி?

கல்லடி_லினக்ஸ்:
வணக்கம் எல்லாருக்கும். கல்லடியில ஒரு சின்ன கொம்பியூட்டர் கிளாஸ் நடத்துறன், ரெண்டு ரூம், 24 மெஷின், எல்லாத்துலயும் உபுண்டு லினக்ஸ்தான். இப்ப ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனியா யூசர் போட்டு வச்சிரிக்கு. ஒரு பிள்ளை பாஸ்வேர்ட் மறந்தா அந்த மெஷினத் தேடிப்போய் மாத்தணும், அதுல வேற பிள்ளை இருந்துட்டா இவர் செஞ்ச பைதன் வேலையத் தொடவும் ஏலாது, கிளாஸ் முடிச்சுப் போனவங்கட அக்கவுண்ட்டும் அப்பிடியே கிடக்கு. எந்த மெஷின்ல இருந்தாலும் தன்ட பேர்ல லொகின் ஆகி தன்ட ஃபைல எடுக்கணும், அவ்வளவுதான் தேவை. ஒருத்தர் என்ஐஎஸ் போடு என்றார், இன்னொருத்தர் எல்டாப் என்றார், ரெண்டும் யூசர் விபரத்த ஒரே சேவர்ல வைக்கிற முறையாம். இங்க மாரி மழை தொடங்கினா கரண்ட் போய்ப் போய் வரும், சேவர் விழுந்தா முழு கிளாசும் நிண்டுடுமோ என்டதுதான் என்ட பெரிய யோசனை.

வாவிக்கரை:
தம்பி, என்ஐஎஸ்ஸ விட்டுடுங்க. அது சன் கம்பெனி 80கள்ல செஞ்ச சாமான், நெற்வேர்க்ல இரிக்கிற எந்த மெஷினும் கேட்டா பாஸ்வேர்ட் ஹேஷையே, அதாவது பாஸ்வேர்ட்ட மாத்தி வச்சிரிக்கிற வடிவத்தையே, தூக்கிக் குடுத்துடும், படிக்கிற பிள்ளைகள் இருக்கிற இடத்துல அத வைக்கவே கூடாது. எல்டாப் என்டா யூசர், குரூப் விபரம் இருக்கிற டைரக்டரி, கெர்பரோஸ் என்டா பாஸ்வேர்ட நெற்வேர்க்ல அனுப்பாம டிக்கெட் குடுத்து ஆள உறுதிப்படுத்துறது, எம்ஐடியில இருந்து வந்தது. ரெண்டையும் தனித்தனியா கட்டி ஒட்டவைக்கிறது பெரிய பாடு. ஃப்ரீஐபிஏ (சுருக்கமா ஐபிஏ) போடுங்க, டைரக்டரி, கெர்பரோஸ், சேட்டிபிகேட் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து வரும், பிரவுசர்ல திறந்து யூசர் போடலாம், பாஸ்வேர்ட் மாத்தலாம், போன பிள்ளைட அக்கவுண்ட்ட ஒரே கிளிக்ல நிப்பாட்டலாம். சேவருக்கு மட்டும் ரொக்கி இல்லாட்டி அல்மா லினக்ஸ் போடுங்க, பிள்ளைகள் பாவிக்கிற மெஷின்கள் உபுண்டுவாவே இருக்கட்டும். 4 ஜிபி ரேம் உள்ள மெஷின் ஒண்டு உங்கட அளவுக்குத் தாராளம். டொமைன் பேருக்குக் கடைசியில டொட் லோக்கல் மட்டும் வைக்காதீங்க, உபுண்டுல அவாஹி என்ட புரோகிராம் அந்தப் பேர வேற விதமாத் தேடும், பிறகு பேர வச்சு மெஷினக் கண்டுபிடிக்கிற டிஎன்எஸ் குழம்பி ஒண்டும் ஓடாது.

கல்முனை_நெற்:
நானும் ஃப்ரீஐபிஏக்குத்தான் கை தூக்குவன், ஆனா லொகின் ஒரு பாதி, ஃபைல் மறு பாதி, அத யாரும் சொல்லல்ல. எல்லார்ட ஹோம் ஃபோல்டரையும் சேவர்ல வச்சு, நெற்வேர்க்கால ஃபோல்டரப் பகிர்ற என்எஃப்எஸ்ஸால ஒவ்வொரு மெஷின்லயும் மவுன்ட் பண்ணணும். பழைய லோக்கல் யூசர்கள அப்பிடியே வச்சுக்கிட்டு இதச் செஞ்சா பெரிய வில்லங்கம் வரும் தம்பி. உபுண்டுல முதல் யூசருக்கு நம்பர் 1000, அடுத்தவருக்கு 1001, அப்பிடியே போகும். ஒரு மெஷின்ல 1001 ஒரு பிள்ளை, பக்கத்து மெஷின்ல 1001 வேற பிள்ளை. சாதாரண என்எஃப்எஸ் பேரப் பாக்காது, நம்பரத்தான் பாக்கும், ஒருத்தர்ட ஃபைல மற்றவர் திறந்துடுவார். ஐபிஏ பெரிய நம்பர்ல இருந்து தானே ஒதுக்கிக் குடுக்கும், அதால பழைய லோக்கல் யூசர்கள்ட நம்பரோட மோதாது. பழைய ஃபைல்கள மாத்தும்போது ஓனர மாத்த மறக்காதீங்க.

கல்லடி_லினக்ஸ்:
நன்றி அண்ணன், நானா. உபுண்டு மெஷின ஐபிஏ சேவரோட இணைக்கிற எஸ்எஸ்எஸ்டி, பாஸ்வேர்ட கேஷ் பண்ணும், அதாவது மெஷின்லயே நினைவுல வச்சிருக்கும் என்டு வாசிச்சன். அப்ப கரண்ட் போய் சேவர் நிண்டாலும் பிள்ளைகள் லொகின் ஆகலாம்தானே?

வாவிக்கரை:
ஆகலாம், ஆனா முழுசா நம்பிடாதீங்க. கேஷ்ல இருக்கிறது அந்த மெஷின்ல ஏற்கனவே ஒருக்கா லொகின் ஆன ஆள் மட்டும்தான். உங்கட கிளாஸ்ல பிள்ளை ஒவ்வொரு நாளும் வேற வேற கதிரையில இரிக்குது, புதுசா ஒரு மெஷின்ல போய் இருந்தா சேவர் இல்லாம உள்ள போக ஏலாது. அதோட கல்முனை நானா சொன்ன மாதிரி ஹோம் முழுக்க என்எஃப்எஸ்ல இரிந்தா லொகின் ஆகியும் பிரயோசனம் இல்ல, ஃபோல்டர் வராது, ஸ்கிரீன் அப்பிடியே தொங்கும். அதால ஹோம மெஷின்லயே வச்சு, வேலை ஃபோல்டர் ஒண்ட மட்டும் சேவர்ல வைக்கிறது எனக்குச் சரியாப் படுது. ஒரே பிள்ளை ரெண்டு மெஷின்ல ஒரே நேரம் லொகின் ஆனா ஃபயர்பொக்ஸ் புரொஃபைல் லொக் ஆகிற தொல்லையும் இதால போகும். சேவருக்கும் சுவிட்ச்சுக்கும் யூபிஎஸ் கட்டாயம். ரெண்டாவது ரூம்ல ஒரு ரெப்ளிக்கா, அதாவது அதே விபரம் உள்ள இன்னொரு ஐபிஏ சேவர், போட்டா இன்னும் நல்லம், ஒண்டு விழுந்தா மற்றது பதில் சொல்லும்.

அக்கரைப்பற்று_டீச்சர்:
பழைய மெஷின் என்டா நேரத்தையும் பாருங்க தம்பி. போர்ட்ல இரிக்கிற சின்ன பற்றரி செத்த மெஷின் கரண்ட் போய் வந்தா திகதியே பழைய வருசத்துக்குப் போயிடும். கெர்பரோஸ் 5 நிமிசத்துக்கு மேல வித்தியாசம் இரிந்தா டிக்கெட் குடுக்காது, பாஸ்வேர்ட் சரியா இரிந்தும் உள்ள விடாது, பிள்ளை தான் பிழையா அடிச்சிட்டன் என்டு பயந்து நிக்கும். சேவர்ல நேரத்தச் சரியா வைக்கிற குரோனிய நீங்களே செட் பண்ணி லேப் நெற்வேர்க்குக்கு நேரம் குடுக்க அனுமதி போடுங்க, புது வெர்ஷன்கள்ல ஐபிஏ தானா அந்த வேலையச் செய்யாது. குரோனியில லோக்கல் என்ட வரியையும் போட்டா இன்டர்நெட் இல்லாத நேரத்துலயும் எல்லா மெஷினும் சேவர்ட நேரத்தோட ஒத்துப் போகும்.

கல்லடி_லினக்ஸ்:
இது எனக்கு யோசனையிலயே இல்ல டீச்சர், மிச்சம் நன்றி. அப்ப லோக்கல் யூசர் எல்லாத்தையும் அழிச்சுடலாமா?

கல்முனை_நெற்:
பிள்ளைகள்டத அழிங்க, ஃபைல எடுத்த பிறகு. ஆனா ஒவ்வொரு மெஷின்லயும் சுடோ (அட்மின் கட்டளை ஓட்டுற அனுமதி) உள்ள ஒரு லோக்கல் அட்மின் கட்டாயம் இருக்கணும், ஐபிஏல இல்லாத ஒரு பேர்ல. முதல்ல ஒரு ரூம்ல ரெண்டு மெஷின மட்டும் சேர்த்து, சேவர்ட வயர கழட்டிட்டு அந்த அட்மினால உள்ள போக ஏலுமா என்டு பாருங்க, அதுக்குப் பிறகு மத்த மெஷின்கள்ல கை வைங்க.